கொள்கலன் மெய்நிகராக்கம் (தனியாள் கணினி)

கொள்கலன் மெய்நிகராக்கம் என்பது ஒரே கணினியில், ஒரே இயங்குதளக் கருனியின் மீது, ஒன்றையொன்று காண முடியாத பல தனித்த சூழல்களை இயக்கும் முறையாகும். இச்சூழல் ஒவ்வொன்றும் கொள்கலன் எனப்படும். ஒரு கொள்கலனுக்குள் இயங்கும் நிரலுக்குத் தனக்கென ஒரு கோப்பு முறைமை, தனக்கென ஒரு வலையமைப்பு, தனக்கென ஒரு பயனர் பட்டியல் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது தாய்க் கணினியின் கருனியையே பிற நிரல்களுடன் பகிர்ந்துகொள்கிறது. டாக்கர், பாட்மேன், எல்.எக்ஸ்.சி ஆகியன இம்முறையில் இயங்கும் மென்பொருள்களில் பரவலாக அறியப்பட்டவை. இக்கட்டுரை இவற்றைத் தனியாள் கணினியில், குறிப்பாக மாணவர்களிடம் உள்ள குறைந்த நினைவகம் கொண்ட மடிக்கணினியில், நிறுவுவதையும் அவ்வாறு நிறுவும்போது கவனிக்க வேண்டியவற்றையும் விளக்குகிறது.

மெய்நிகர் இயந்திரத்திலிருந்து வேறுபாடு

வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் உருவாக்கும் மெய்நிகர் இயந்திரம் ஒரு முழுக் கணினியைப் போலவே நடிக்கும். அதற்குள் தனிக் கருனியுடன் கூடிய முழு இயங்குதளம் நிறுவப்பட வேண்டும். அதற்கென ஒதுக்கிய நினைவகம், அது சும்மா இருக்கும்போதும் பெரும்பாலும் பிறவற்றுக்குக் கிடைப்பதில்லை. 4 கிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில் இத்தகைய இயந்திரங்கள் இரண்டை ஒருசேர இயக்குவது கடினம்.

கொள்கலனுக்குள் இரண்டாவது கருனி கிடையாது. லினக்ஸ் கணினியில் கொள்கலன் என்பது சில கட்டுப்பாடுகளுடன் தொடங்கப்பட்ட சாதாரண நிகழ்முறையே. ஆகவே அது நொடிப்பொழுதில் தொடங்குகிறது. தனக்குத் தேவையான நினைவகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். கொள்கலனுக்குள் சென்று கருனியின் பதிப்பைக் கேட்டால் தாய்க் கணினியின் பதிப்பே விடையாக வரும். கொள்கலன் தன்னை உபுண்டு என்றோ ஆல்ப்பைன் என்றோ சொல்லிக்கொண்டாலும் இந்த விடை மாறாது. மறுபுறம், தாய்க் கணினியின் நிகழ்முறைப் பட்டியலில் கொள்கலனுக்குள் இயங்கும் நிரலும் மற்றவற்றுடன் ஒன்றாகத் தெரியும். கொள்கலனுக்குள் 1 என்ற எண்ணைக் கொண்ட அந்நிரல் வெளியே வேறோர் எண்ணைக் கொண்டிருக்கும்.

கருனி ஒன்றே என்பதிலிருந்துதான் இம்முறையின் சிக்கனமும் பிறக்கிறது, ஆபத்துகளும் பிறக்கின்றன. கீழே நிறுவுதல் குறித்துச் சொல்லப்படும் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுவே.

வரலாறு

ஒரு நிரலுக்குக் கோப்பு முறைமையின் ஒரு பகுதியை மட்டும் முழு முறைமையாகக் காட்டும் வசதி 1979 இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு வெளியான பிரீ.பி.எஸ்.டி 4.0 இல், பவுல்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய 'ஜெயில்' வசதி நிகழ்முறைகளையும் வலையமைப்பையும் பிரித்துக் காட்டியது. சோலாரிஸ் இயங்குதளத்தின் 'சோன்'களும், லினக்ஸுக்கான ஓபன்வீசெட்டும் பின்னர் வந்தன.

லினக்ஸ் கருனியில் கொள்கலனுக்கு இரு அடிப்படைகள் உள்ளன. ஒன்று, நிகழ்முறை எதைக் காணலாம் என்பதை வரையறுக்கும் பெயர்வெளிகள். இவற்றுள் முதலாவது 2002 இலும், பயனர் பெயர்வெளி முழுமை பெற்ற வடிவில் 2013 இலும் கருனியில் இடம்பெற்றன. மற்றொன்று, நிகழ்முறை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் கட்டுப்பாட்டுக் குழுக்கள். கூகுள் நிறுவனத்தின் பவுல் மெனேஜும் ரோகித் சேத்தும் 2006 இல் தொடங்கிய இப்பணி, 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கருனியில் சேர்ந்தது.

கட்டுப்பாட்டுக் குழுக்களின் வரலாற்றில் இந்தியாவின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. மையச் செயலகத்தின் நேரத்தைக் குழுக்களுக்கிடையே பங்கிடும் மேம்பாடுகளை எழுதியவர் ஐ.பி.எம் இந்தியாவில் பணியாற்றிய ஸ்ரீவத்ச வட்டகிரி. நினைவகத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் கட்டுப்படுத்தியை அதே நிறுவனத்தின் பல்பீர் சிங், ஓபன்வீசெட் திட்டத்தின் பாவெல் எமெல்யானோவ் ஆகியோர் எழுதினர். இருவர் பெயரும் உரிய மூலநிரல் கோப்பின் தலைப்பில் 2007 என்ற ஆண்டுடன் இன்றும் காணப்படுகின்றன. ஒரு கொள்கலனுக்கு 512 மெகாபைட்டுக்கு மேல் தரக்கூடாது என்று ஒரு மாணவர் கட்டளையிடும்போது, அதை நிறைவேற்றும் வசதி இவர்களது நிரலிலிருந்து வளர்ந்ததே.

இவ்வசதிகளை நேரடியாகக் கையாளுவது எளிதன்று. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாந்தா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் சில நிமிடங்களே நீடித்த ஓர் உரையில் டாக்கரை அறிமுகம் செய்தார். தொடக்கத்தில் டாக்கர் 2008 இல் தோன்றிய எல்.எக்ஸ்.சியையே உள்ளே பயன்படுத்தியது. 2014 இல் அதற்குப் பதிலாகத் தனது சொந்த நூலகத்துக்கு மாறியது. டாக்கர் புதிதாகக் கொண்டுவந்தது தனிமைப்படுத்தலை அன்று. ஒரு நிரலையும் அதற்குத் தேவையான அனைத்துக் கோப்புகளையும் அடுக்கடுக்கான ஒரு 'படிமமாக'க் கட்டி, வேறு கணினியில் அப்படியே இயக்கும் வழியை அது தந்தது. படிமத்துக்கும் இயக்கத்துக்கும் பொதுத் தரம் வகுக்க 2015 ஜூனில் ஓர் அமைப்பு ஏற்பட்டது. இதனால் டாக்கரில் கட்டிய படிமத்தை ரெட் ஹாட் நிறுவனத்தின் பாட்மேனிலும் இயக்க முடிகிறது.

கணினித் தேவைகள்

லினக்ஸில் டாக்கர் இயங்க 3.10 அல்லது அதற்குப் பிந்தைய கருனி வேண்டும். இக்கருனி 2013 ஜூனில் வெளியானது. 64 பிட் செயலகம் வேண்டும். செயலகத்தின் வன்பொருள் மெய்நிகராக்க வசதி லினக்ஸில் தேவையில்லை. இது பலர் அறியாதது. மெய்நிகர் இயந்திரத்துக்கு உதவாத பழைய செயலகமும் கொள்கலனுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

தமிழ்நாட்டு மாணவர்களிடம் உள்ள கணினிகளைக் கொண்டு இத்தேவையைப் பார்ப்பது பயனுள்ளது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வழியாக வாங்கப்பட்ட கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. நகரங்களில் மட்டுமன்றி, தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பை போன்ற பேரூராட்சிகளிலும் பல வீடுகளுக்கு முதல் கணினி இவ்வழியாகவே வந்தது. தொடக்க ஆண்டுக் கணினிகளில் 2 கிகாபைட் நினைவகமும் 320 கிகாபைட் வன்தட்டும் இருந்தன. விண்டோஸும், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் ஒருசேர நிறுவப்பட்டிருந்தன.

அக்கணினியோடு வந்த பழைய பாஸ் லினக்ஸில் டாக்கர் இயங்காது. 2011 இல் வெளியான எந்த லினக்ஸ் கருனியும் 3.10 க்கு முந்தையதே. ஆனால் புதிய 64 பிட் டெபியனை நிறுவினால், அதே 2 கிகாபைட் நினைவகத்தில் வரைகலை இடைமுகம் இல்லாமலோ எளிய இடைமுகத்துடனோ இரண்டு மூன்று சிறு கொள்கலன்களை இயக்கலாம். செயலகம் 64 பிட் வகையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவி கைவிடப்பட்டது. டாக்கர் ஹப் பதிவகத்தில் உள்ள படிமங்களிலும் பெரும்பாலானவை 64 பிட் கணினிகளுக்கானவை.

லினக்ஸில் நிறுவுதல்

டெபியன், உபுண்டு வழங்கல்களில் இரு வழிகள் உள்ளன. வழங்கலின் சொந்தக் களஞ்சியத்தில் உள்ள பொதியை நிறுவுவது முதல் வழி. இப்பொதியின் பெயர் 'டாக்கர்' அன்று, 'டாக்கர் புள்ளி ஐஓ' என்பதாகும். டாக்கர் தோன்றுவதற்கு முன்பே, சாளர மேலாளருக்கான ஒரு சிறு கருவி டெபியனில் 'டாக்கர்' என்ற பெயரைக் கொண்டிருந்ததே இதற்குக் காரணம். டாக்கர் நிறுவனத்தின் களஞ்சியத்தைக் கணினியில் சேர்த்து, அதிலிருந்து 'டாக்கர்-சிஇ' பொதியை நிறுவுவது இரண்டாம் வழி. இதற்கு அந்நிறுவனத்தின் கையொப்பத் திறவியையும் பதிவிறக்கிச் சேர்க்க வேண்டும். இரண்டாம் வழியில் புதிய பதிப்புகள் விரைவில் கிடைக்கும். கற்கும் நோக்கத்துக்கு முதல் வழியே போதும். இரண்டையும் கலந்து நிறுவினால் பொதிகள் ஒன்றோடொன்று மோதும்.

நிறுவி முடித்ததும் 'டாக்கர்டி' என்ற பின்னணி நிரல் ரூட் உரிமையுடன் இயங்கத் தொடங்குகிறது. பயனர் முனையத்தில் தட்டச்சு செய்யும் 'டாக்கர்' கட்டளை தானாக எதையும் செய்வதில்லை. அது தன் வேண்டுகோளைப் பின்னணி நிரலுக்கு அனுப்புகிறது. அவ்வாறு அனுப்பும் உரிமை தொடக்கத்தில் ரூட் பயனருக்கு மட்டுமே உண்டு. சாதாரணப் பயனர் கட்டளையிட்டால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியே வரும். நிறுவல் தோல்வியுற்றதாகப் புதியவர்கள் எண்ணுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு, பயனரை 'டாக்கர்' என்ற பயனர் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைவதாகும். அதன் விளைவு பல வழிகாட்டிகளில் சொல்லப்படுவதில்லை. இக்குழுவில் உள்ள எவரும் தாய்க் கணினியின் முழுக் கோப்பு முறைமையையும் ஒரு கொள்கலனுக்குள் இணைத்து, அங்கு ரூட் பயனராக நின்று எந்தக் கோப்பையும் படிக்கலாம், மாற்றலாம். ஆகவே அக்குழுவில் சேர்ப்பது கடவுச்சொல் கேட்காமல் ரூட் உரிமை தருவதற்குச் சமம். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினியில் இதைத் தெரிந்தே ஏற்கலாம். பலர் அமரும் கல்லூரி ஆய்வகக் கணினியில் இவ்வாறு செய்யக்கூடாது.

மாற்று வழிகளும் உள்ளன. டாக்கரை ரூட் உரிமையின்றி இயக்கும் முறை 2019 இல் சோதனை வசதியாக அறிமுகமாகி, 2020 டிசம்பரில் வெளியான 20.10 பதிப்பில் நிலைபெற்றது. பாட்மேன் பின்னணி நிரலே இல்லாமல், தொடக்கம் முதலே சாதாரணப் பயனராக இயங்கும் வகையில் அமைந்தது. அதன் கட்டளைகள் டாக்கரின் கட்டளைகளைப் பெரிதும் ஒத்தவை. புதிதாகத் தொடங்கும் மாணவருக்குப் பாட்மேன் பொருத்தமான தேர்வு. எனினும் நூல்களும் பாடங்களும் பெரும்பாலும் டாக்கரைக் கொண்டே எழுதப்பட்டுள்ளமையால் டாக்கரே அதிகம் நிறுவப்படுகிறது.

விண்டோஸில் நிறுவுதல்

விண்டோஸ் கருனியின் மீது லினக்ஸ் கொள்கலன் இயங்க முடியாது. கொள்கலன் தன் கருனியைத் தாய்க் கணினியிடமிருந்து பெறுவதால், லினக்ஸ் கருனி எங்கேனும் இருந்தாக வேண்டும். எனவே விண்டோஸில் நிறுவப்படும் டாக்கர் டெஸ்க்டாப், திரைக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தை இயக்கி, அதற்குள்ளேயே கொள்கலன்களை வைக்கிறது. மெய்நிகர் இயந்திரத்தின் சுமையைத் தவிர்க்கக் கொள்கலனை நாடுபவர், விண்டோஸில் அச்சுமையை மீண்டும் ஏற்கிறார் என்பதே உண்மை.

இந்த மெய்நிகர் இயந்திரம் இப்போது பெரும்பாலும் 'லினக்ஸுக்கான விண்டோஸ் துணையமைப்பு'வின் இரண்டாம் பதிப்பு வழியாக இயங்குகிறது. இப்பதிப்பு 2019 மே மாதம் அறிவிக்கப்பட்டு, 2020 மே மாதம் விண்டோஸ் 10 இன் புதுப்பிப்புடன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிவடைந்துவிட்டதால், புதிதாக நிறுவுவோர் விண்டோஸ் 11 ஐக் கருத்தில் கொள்வது நன்று.

முதலில் கணினியின் தொடக்க அமைப்புத் திரையில், அதாவது பயாஸில், வன்பொருள் மெய்நிகராக்கம் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இன்டெல் கணினிகளில் இது விடி-எக்ஸ் என்றும், ஏ.எம்.டி கணினிகளில் ஏ.எம்.டி-வி அல்லது எஸ்.வி.எம் என்றும் குறிக்கப்பட்டிருக்கும். விண்டோஸின் பணி மேலாளரில் செயலகப் பகுதியைத் திறந்தால் இது இயக்கத்தில் உள்ளதா என்பது தெரியும். பின்னர் துணையமைப்பை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்து, டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவ வேண்டும்.

நிறுவிய சில நாட்களில் கணினி மெதுவாகிவிட்டது என்ற முறையீடு அடிக்கடி எழுகிறது. அதற்கு இரு காரணங்கள் உள்ளன. துணையமைப்பு தாய்க் கணினியின் நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ள இயல்பாகவே அனுமதி பெற்றுள்ளது. 8 கிகாபைட் கணினியில் 4 கிகாபைட் இவ்வாறு போய்விடலாம். பயனரின் வீட்டு அடைவில் 'டபிள்யூ.எஸ்.எல் கான்பிக்' என்ற, புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்பை உருவாக்கி, நினைவக உச்சவரம்பை எழுதினால் இது கட்டுப்படும். மற்றொன்று, லினக்ஸ் பகுதியின் கோப்புகள் அனைத்தும் ஒரே பெரிய மெய்நிகர் வட்டுக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. உள்ளே படிமங்களை நீக்கினாலும் அக்கோப்பு இயல்பாகச் சுருங்குவதில்லை. அதைத் தனியே சுருக்க வேண்டும்.

கொள்கலனுடன் பகிரும் நிரல் கோப்புகளை விண்டோஸின் சி வட்டில் வைக்காமல், துணையமைப்பின் லினக்ஸ் கோப்பு முறைமைக்குள் வைப்பது வேகத்தைப் பெரிதும் கூட்டும். ஒவ்வொரு கோப்பு வாசிப்பும் இரு இயங்குதளங்களுக்கிடையே பயணிக்க வேண்டியதில்லை என்பதே காரணம்.

டாக்கர் டெஸ்க்டாப் கட்டற்ற மென்பொருள் அன்று. டாக்கரின் அடிப்படை இயந்திரம் அப்பாச்சி உரிமத்தின்கீழ் கட்டற்றதாகத் தொடர்கிறது. ஆனால் டெஸ்க்டாப் மென்பொருளின் உரிமம் 2021 ஆகஸ்டு 31 இல் மாற்றப்பட்டது. கல்வி, தனிப்பட்ட பயன்பாடு, சிறு நிறுவனம் ஆகியவற்றுக்கு அது இலவசம். 250 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களும், ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் வருவாய் உள்ள நிறுவனங்களும் சந்தா செலுத்த வேண்டும். கல்லூரியில் பழகிய அதே நிறுவியை அலுவலகக் கணினியில் பதிவிறக்கும் புதிய பொறியாளர் இதை அறிந்திருக்க வேண்டும்.

மாக் கணினிகளிலும் இதே போன்று மறைவான லினக்ஸ் இயந்திரம் தேவைப்படுகிறது. ஆப்பிளின் சொந்தச் செயலகம் கொண்டவற்றில், இன்டெல் செயலகத்துக்கென மட்டும் கட்டப்பட்ட படிமங்கள் போலச்செய்தல் மூலம் மெதுவாகவே இயங்கும்.

முதல் கொள்கலன்

நிறுவல் சரியாக அமைந்ததா என்பதைச் சோதிக்க 'ஹலோ-வேர்ல்டு' என்ற மிகச் சிறிய படிமம் பயன்படுகிறது. 'டாக்கர் ரன்' கட்டளையுடன் அப்பெயரைத் தந்தால், படிமம் கணினியில் இல்லையெனப் பார்த்து, பதிவகத்திலிருந்து பதிவிறக்கி, கொள்கலனாக்கி இயக்கும். பின்னர் என்னென்ன படிகள் நடந்தன என்பதை அதுவே திரையில் எழுதிவிட்டு முடிந்துவிடும். கொள்கலன் உடனே நின்றுவிட்டது கோளாறு அன்று. கொள்கலன் தன் முதன்மை நிரல் இயங்கும் வரை மட்டுமே உயிருடன் இருக்கும்.

குறைந்த நினைவகமுள்ள கணினியில் ஒவ்வொரு கொள்கலனுக்கும் உச்சவரம்பு விதிப்பது நல்ல பழக்கம். வரம்பை மீறிய நிரலைக் கருனி கொன்றுவிடும். அப்போது கொள்கலன் 137 என்ற வெளியேற்ற எண்ணுடன் முடிந்திருக்கும். இவ்வெண்ணைக் கண்டால் நிரலில் பிழை தேடுவதற்கு முன் நினைவகத்தைப் பார்க்க வேண்டும்.

தரவைக் காத்தல்

கொள்கலன் ஒன்றுக்குள் எழுதப்படும் கோப்புகள், படிமத்தின் மீது வைக்கப்பட்ட மெல்லிய ஓர் எழுதும் அடுக்கில் சேர்கின்றன. கொள்கலனை நிறுத்தினால் அவ்வடுக்கு நீங்காது. கொள்கலனை அழித்தால் அதுவும் அழியும். திரும்பப் பெற வழியில்லை. பயனர்கள் உண்மையான இழப்பைச் சந்திப்பது பெரும்பாலும் இங்கேதான்.

போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் ஏலத்தின் விலைகளை நாள்தோறும் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ளிட்டுத் தன் இறுதியாண்டுத் திட்டத்தைச் செய்யும் ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். புதிய பதிப்புக்கு மாற அவர் பழைய கொள்கலனை அழித்துவிட்டு, அதே பெயரில் மற்றொன்றை உருவாக்குகிறார். புதியது வெறுமையாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் படிமம் தன் தரவு அடைவைத் தனிச் சேமிப்புத் தொகுதியாக அறிவித்துள்ளதால், பழைய தரவு உடனே அழிந்திருக்காது. பெயருக்குப் பதில் 64 எழுத்தெண்களைக் கொண்ட ஓர் அநாமதேயத் தொகுதியில் அது கிடக்கும். அதை அறியாமல் இடத்தை மிச்சப்படுத்த 'புரூன்' என்ற துப்புரவுக் கட்டளையைத் தொகுதிகளுக்கும் இட்டால், எந்தக் கொள்கலனோடும் இணையாத அத்தொகுதி உண்மையாகவே போய்விடும்.

இதைத் தவிர்க்க, கொள்கலனை முதன்முறை உருவாக்கும்போதே ஒரு பெயருள்ள சேமிப்புத் தொகுதியைத் தரவு அடைவோடு இணைக்க வேண்டும். கொள்கலன் எத்தனை முறை அழிந்து பிறந்தாலும் அத்தொகுதி நிலைத்திருக்கும். இணைக்க வேண்டிய அடைவு எது என்பதைப் படிமத்தின் விளக்கப் பக்கத்தில் பதிப்புதோறும் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் படிமத்தில் 18 ஆம் பதிப்பு முதல் அது மாறியுள்ளது. மேலும், முதன்மைப் பதிப்பு மாறும்போது பழைய தரவுக் கோப்புகளைப் புதிய போஸ்ட்கிரெஸ் நேரடியாகப் படிக்காது. முன்னதாகவே தரவை உரைக் கோப்பாக வெளியெடுத்து வைப்பதே பாதுகாப்பானது. தொகுதி என்பது காப்புப்படி ஆகாது. வன்தட்டு பழுதானால் அதுவும் சேர்ந்தே போகும்.

தமிழும் இந்திய நேரமும்

சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படிமங்களிலிருந்து மொழி, எழுத்துரு, நேர வலயத் தரவுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். தமிழில் பணியாற்றுவோருக்கு இதனால் சில வியப்புகள் காத்திருக்கின்றன.

டெபியன், உபுண்டு அடிப்படைப் படிமங்களில் வட்டார அமைப்பு எதுவும் தரப்படுவதில்லை. ஆகவே தமிழில் பெயரிட்ட கோப்புகளைப் பட்டியலிட்டால், பெயர்களுக்குப் பதில் சாய்கோடும் எண்களும் கலந்த ஒரு வரிசை தோன்றும். கோப்பு கெடவில்லை, காட்டும் முறையே தவறு. 'லாங்' என்ற சூழல் மாறிக்குச் 'சி புள்ளி யு.டி.எப்-8' என்ற மதிப்பைத் தந்தால் தமிழ் எழுத்துகள் தெரியும். ஆனால் இவ்வமைப்பு சொற்களை ஒருங்குறி எண்ணின்படியே அடுக்கும். அலை, அவல், அளவு, அறம் என்ற அகராதி வரிசை, அறம், அலை, அளவு, அவல் என்று மாறிவிடும். ஒருங்குறியில் றகரம் லகரத்துக்கு முன்னும், ளகரம் வகரத்துக்கு முன்னும் இடம்பெற்றிருப்பதே காரணம். பெயர்ப் பட்டியல்களைத் தமிழ் அகராதி வரிசையில் பெற வேண்டுமெனில், தரவுத்தளத்தில் ஐ.சி.யூ நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இதை 10 ஆம் பதிப்பு முதல் ஆதரிக்கிறது.

கொள்கலனுக்குள் பி.டி.எப் அல்லது படம் உருவாக்கும் நிரல் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்களை வரைந்தால், எழுத்துரு இல்லை என்று பொருள். தாய்க் கணினியில் உள்ள எழுத்துரு கொள்கலனுக்குத் தெரியாது. லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருப் பொதியைப் படிமத்திலேயே சேர்க்க வேண்டும்.

கொள்கலனின் கடிகாரம் இயல்பாக உலகப் பொது நேரத்தைக் காட்டும். இது இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. காலை 5 மணிக்கு உள்ளிட்ட பதிவு முந்தைய நாளின் தேதியைப் பெறும். நேர வலயத் தரவுப் பொதியை நிறுவி, 'டி.செட்' சூழல் மாறிக்கு ஆசியா/கொல்கத்தா என்ற மதிப்பைத் தந்தால் இது சரியாகும்.

பதிவிறக்க வரம்பும் இணையமின்றி எடுத்துச் செல்லலும்

டாக்கர் ஹப் பதிவகம் 2020 நவம்பரில் பதிவிறக்க வரம்பைக் கொண்டுவந்தது. கணக்கில்லாதவர்கள் ஓர் இணைய முகவரியிலிருந்து 6 மணி நேரத்தில் 100 படிமங்களும், இலவசக் கணக்கு உள்ளவர்கள் 200 படிமங்களும் பெறலாம் என அப்போது வரையறுக்கப்பட்டது. தனி ஒருவருக்கு இது தாராளம். ஆனால் ஒரு கல்லூரியின் கணினிகள் அனைத்தும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரிவதுண்டு. 60 மாணவர் கொண்ட வகுப்பு ஆளுக்கு இரு படிமங்களைக் கேட்டால், வகுப்பு முடிவதற்குள் வரம்பு தீர்ந்து, அதிகக் கோரிக்கைகள் என்ற பிழைச் செய்தி தோன்றும். பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் கைப்பேசி இணைப்புகளிலும் இது நேரலாம். ஆளுக்கொரு கணக்குடன் நுழைவதும், ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு பதிவகத்தை இயக்குவதும் இதற்குத் தீர்வுகள்.

இணைய வசதி குறைந்தவர்களுக்கு மேலும் எளிய வழி ஒன்றுண்டு. 'சேவ்' கட்டளை ஒரு படிமத்தை அதன் அடுக்குகள் அனைத்துடனும் ஒரே கோப்பாக்கும். 'லோட்' கட்டளை அக்கோப்பை வேறு கணினியில் படிமமாக ஏற்றும். கோம்பையிலிருந்தோ தேவாரத்திலிருந்தோ போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவர், கல்லூரி இணைப்பில் ஒருமுறை பதிவிறக்கியதைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கைப்பேசித் தரவைச் செலவிடாமல் பயன்படுத்தலாம். இதனோடு பெயரில் ஒத்த 'எக்ஸ்போர்ட்' கட்டளையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கொள்கலனின் கோப்புகளை மட்டும் தட்டையாக எடுக்கும். படிமத்தின் அடுக்குகளும், தொடங்க வேண்டிய கட்டளை போன்ற குறிப்புகளும் அதில் வருவதில்லை. சேமிப்புத் தொகுதியில் உள்ள தரவு இவ்விரு வழிகளிலும் வராது.

படிமத்தின் அளவையும் கருத வேண்டும். ஆல்ப்பைன் அடிப்படைப் படிமம் சில மெகாபைட்டுகளே. முழு நிரலாக்கக் கருவிகளுடன் கூடிய படிமங்கள் ஒரு கிகாபைட்டைத் தாண்டுவதுண்டு. ஒரே அடிப்படையின் மீது கட்டிய படிமங்கள் பொது அடுக்குகளைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு வழங்கலைத் தேர்ந்து அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துபவருக்குப் பதிவிறக்கமும் வன்தட்டு இடமும் மிஞ்சும்.

பாதுகாப்பு

கொள்கலனின் சுவர் மெய்நிகர் இயந்திரத்தின் சுவரை விட மெல்லியது. கருனியில் அல்லது இயக்கும் நிரலில் ஒரு ஓட்டை இருந்தால், உள்ளிருப்பவர் வெளியே வரலாம். 2019 பிப்ரவரியில் வெளிப்பட்ட ரன்சி நிரலின் குறை அத்தகையது. தீய நோக்குடன் கட்டப்பட்ட ஒரு கொள்கலன் தாய்க் கணினியின் ரன்சி நிரலையே மாற்றியெழுதி ரூட் உரிமை பெற அது வழிவிட்டது. ஆகவே அறிமுகமில்லாதவர் பதிவேற்றிய படிமத்தை இயக்குவது, அறிமுகமில்லாதவர் தந்த நிரலை இயக்குவதற்கு ஏறக்குறைய ஒப்பானது. டாக்கர் ஹப்பில் அலுவல்முறைப் படிமம் எனக் குறிக்கப்பட்டவற்றைத் தேர்வதும், கருனியையும் டாக்கரையும் புதுப்பித்து வருவதும் தேவை.

லினக்ஸில் மற்றொரு பொறி போர்ட் எண்ணைத் திறப்பதில் உள்ளது. கொள்கலனின் ஒரு போர்ட்டைத் தாய்க் கணினியில் திறக்கும்போது, முகவரி எதுவும் குறிப்பிடாவிட்டால் அது கணினியின் எல்லா வலையமைப்பு முகப்புகளிலும் திறக்கும். உபுண்டுவின் யு.எப்.டபிள்யூ தீச்சுவர் அதே போர்ட்டை மூடியதாகக் காட்டினாலும் இது நடக்கும். டாக்கர் தன் விதிகளைக் கருனியின் பொதி வடிப்பானில் நேரடியாக எழுதுவதால், அப்போக்குவரத்து தீச்சுவரின் விதிகளைச் சந்திப்பதே இல்லை. விடுதியின் பொது வைஃபையில் இணைந்த மடிக்கணினியில், எளிய கடவுச்சொல்லுடன் இயங்கும் தரவுத்தளம் இவ்வாறு அனைவருக்கும் திறந்திருக்கும். போர்ட் எண்ணுக்கு முன் 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்தால், அக்கணினியிலிருந்து மட்டுமே அணுக முடியும்.

பயன்படாத இடங்கள்

இயங்குதளப் பாடத்தில் கருனிக் கூறுகளை எழுதி ஏற்றிப் பார்க்க வேண்டிய மாணவருக்குக் கொள்கலன் உதவாது. அங்கு தவறு நேர்ந்தால் விழுவது தாய்க் கணினியே. அதற்கு மெய்நிகர் இயந்திரமே தகும். லினக்ஸ் கணினியில் விண்டோஸ் நிரல்களை இயக்கவும் இம்முறை வழிசெய்வதில்லை.

நீக்குதல்

டெபியனிலும் உபுண்டுவிலும் பொதியை நீக்கினாலும் படிமங்கள், கொள்கலன்கள், தொகுதிகள் ஆகியன வன்தட்டில் தங்கிவிடக்கூடும். இவை 'வார்' அடைவின்கீழ் 'லிப்' அடைவில் உள்ள 'டாக்கர்' அடைவில் இருக்கும். மென்பொருளை நீக்கிய பின்னும் வன்தட்டு நிரம்பியே இருப்பதாகத் தோன்றினால் இவ்வடைவைப் பார்க்க வேண்டும். தேவையான தரவுத் தொகுதிகளைப் படியெடுத்த பின்னரே அதை அழிக்க வேண்டும்.